ஆமை ஓட்டில் பிறந்த பாடம்

என் மேசை இழுப்பறையில் ஒரு மான்கொம்புத் துண்டு கிடக்கிறது. ஒரு சாண் நீளம், நுனி மழுங்கியது. நாய்கள் கடித்து விளையாடட்டும் என்று செல்லப்பிராணிக் கடையில் விற்கிற சரக்கு அது. ஆண்டுதோறும் மான்கள் உதிர்க்கும் கொம்பைப் பொறுக்கி, அறுத்து, விலை போட்டு வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் நாய் கிடையாது. லண்டனில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக வேலை பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்பு மாயா நாகரிகப் பாடத்துக்கு வந்து சேரும் வாரத்தில் அந்தக் கொம்பு என் பையில் ஏறிவிடும்.

கூடவே ஒரு மரக் கிண்ணம், காய்ந்த சுரைக்குடுக்கை நான்கு, ஒரு சங்கு, நுனியில் ரப்பர் பேண்ட் சுற்றிய பென்சில்கள், ஈரத்துணியில் பொதிந்த களிமண். முப்பது பிள்ளைகள் இவற்றை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்கத் தட்டுவார்கள், குலுக்குவார்கள், ஊதுவார்கள். நான் சிறுமியாக இருந்தபோது அரசர்களின் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். அந்த ஒப்பித்தலில் எனக்குக் கிடைக்காத ஒன்று இந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு காலையில் கிடைக்கிறது. அதனால்தான் இந்தப் பாடம் பிறந்த கதையை எழுதத் தோன்றியது. ஒரு சுவரோவியம், ஒரு பாதிரியாரின் குறிப்பு, மண்ணுக்கடியில் கிடந்த ஊதல்கள் என்று பல திசையிலிருந்து வந்து சேர்ந்த கதை அது.

முதலில் பாடத்திட்டம். இங்கிலாந்தின் புதிய தேசியப் பாடத்திட்டம் 2013 செப்டம்பரில் வெளியாகி, அடுத்த ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஏழு முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகள் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள ஒரு சமூகத்தைப் படித்தாக வேண்டும். கி.பி. 900 காலத்து பாக்தாத், அதே காலத்து மாயா, 900 முதல் 1300 வரையிலான மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், இந்த மூன்றில் ஒன்று. எங்கள் பள்ளி மாயாவை எடுத்தது. கைக்குக் கிடைத்த புத்தகங்களில் படிக்கட்டுக் கோபுரமும் நாள்காட்டியும் சாக்லேட்டும் நரபலியும் இருந்தன. ஓசை மட்டும் இல்லை.

அந்த முதல் ஆண்டு இசைப் பகுதியை என்னிடம் விட்டார்கள். நான் ஒரு மரிம்பா இசைத்தட்டைப் போட்டேன். கௌதமாலாவின் தேசிய வாத்தியம் என்று உறையில் அச்சிட்டிருந்தது, அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். மரச்சட்டங்களின் மீது கோல்கள் துள்ளும் இனிமையான ஒலி. பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது: மரிம்பாவின் வேர் ஆப்பிரிக்கா. ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில்தான் அது அந்த மண்ணில் ஊன்றியது. இன்றைய மாயா மக்கள் அதைத் தங்கள் உயிராக வாசிக்கிறார்கள், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் நான் சொல்லிக்கொடுத்தது கி.பி. 900. அப்போது அங்கே மரிம்பா இல்லை, கிதார் இல்லை, வயலின் இல்லை. முப்பது பேர் காதில் தவறான ஓசையை ஏற்றி அனுப்பிவிட்டேனே என்ற உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை. தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

தேடிப் போனால் எல்லா வழியும் ஒரே அறையில் கொண்டுபோய் விடுகிறது. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலக் காட்டுக்குள் பொனம்பாக் என்ற இடம். மூன்றே அறைகள் கொண்ட சிறிய கோயில். 1946-ல் ஜைல்ஸ் ஹீலி என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரை லக்கந்தோன் மாயா மக்கள் அங்கே அழைத்துப் போனார்கள். வெளியுலகம் அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதியது. காட்டிக்கொடுத்தவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த கோயில். உள்ளே மூன்று அறைகளிலும் தரையருகிலிருந்து கூரை வரை ஓவியம். பொனம்பாக் என்றால் வண்ணம் தீட்டிய சுவர்கள் என்று பொருள். ஆய்வாளர் சில்வானஸ் மோர்லி வைத்த பெயர் அது. சுவரில் எழுதியிருக்கும் மாயா நாள்கணக்கை நம் ஆண்டுக்கு மாற்றினால் கி.பி. 790, 791 என்று வருகிறது. நூற்றாண்டுக் கணக்காக நீர் கசிந்து சுண்ணாம்புப் படலம் ஏறிப்போயிருந்ததால் படம் மங்கலாகத்தான் தெரிந்தது. பிரதி எடுக்க வந்தவர்கள் சுவரில் மண்ணெண்ணெய் பூசினார்கள். படலம் சிறிது நேரம் கண்ணாடி போலாகி, அடியிலிருந்த நிறம் எழும்பி வரும். அந்த நேரத்துக்குள் பார்த்து வரைந்துகொள்ள வேண்டும்.

முதல் அறையின் கீழ்வரிசையில் ஒரு வாத்தியக் கோஷ்டி நிற்கிறது. சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பை குலுக்குகிறவர்கள். ஆள் மார்பளவு உயர்ந்து நிற்கும் முரசைக் கையால் அடிக்கிறவர். ஆமை ஓட்டை உடம்போடு அணைத்து மான்கொம்பால் தட்டுகிறவர்கள். நீண்ட எக்காளங்களைத் தூக்கி ஊதுகிறவர்கள். நடுவே முதலை முகமும் நண்டுக் கொடுக்கும் அணிந்த வேடக்காரர்கள். வேறு எந்தப் பழைய மாயா ஓவியத்திலும் இவ்வளவு முழுமையான ஒரு மேளத்தை நான் பார்த்ததில்லை.

அந்தக் கிலுகிலுப்பைக்காரர்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருவர் கை தாழ்ந்திருக்கும், அடுத்தவர் கை சற்று ஏறியிருக்கும், அதற்கடுத்தவர் கை இன்னும் மேலே. ஒரே அசைவை ஆளுக்கு ஒரு துண்டாக ஓவியர் பிரித்துக் கொடுத்ததுபோல் இருக்கும். பள்ளித் தாழ்வாரத்தில் அந்த வரிசையை நீளத் தாளில் ஒட்டி, ஒரு படத்துக்கு ஒரு பிள்ளை என்று எதிரே நிற்க வைக்கிறேன். அவரவர் படத்தில் உள்ளபடி கையை வைத்துக்கொள்வார்கள். பிறகு இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகக் குலுக்கச் சொன்னால் வரிசையில் ஓர் அலை ஓடும். அந்த அலைக்கு ஒரு வேகம் தேவைப்படும். மெதுவாகப் போனால் கை தொங்கிப்போகிறது, அவசரப்பட்டால் ஒன்றோடொன்று முட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அதுதான் அன்று வாசித்த வேகம் என்று நான் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு வரைந்த ஒரு கையைத் தன் கையால் படித்துவிட்ட பிள்ளைக்கு அந்தச் சுவர் அதற்குப் பிறகு வெறும் படமாகத் தெரியாது.

இரண்டாவது தடயம் ஒரு மனிதர் விட்டுப்போனது. அவரை நேசிக்க முடியாது. தியேகோ தே லாந்தா, பிரான்சிஸ்கன் பாதிரியார். 1562 ஜூலையில் மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் மானி என்ற ஊரில் மாயா மக்களின் ஏடுகளையும் தெய்வ உருவங்களையும் குவித்துத் தீ வைத்தவர். அந்தக் கொடுமைக்காக விசாரணைக்கு ஸ்பெயின் போனவர், அங்கே 1566 வாக்கில் யுகத்தானைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எரித்தவரே எழுதி வைத்தார். இன்று நமக்கு அந்த எழுத்தை விட்டால் கதியில்லை. இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இது புரியும், நான் மழுப்புவதில்லை.

அந்த நூலில் வாத்தியங்களைப் பற்றிக் கொஞ்சமே எழுதியிருக்கிறார், ஆனால் ஒவ்வொன்றும் முத்து. கையால் அடிக்கும் சிறு மேளம். மரத்தைக் குடைந்து செய்த இன்னொரு முரசு, அதன் ஒலி கனமானது, சோகமானது. அதை அடிக்கும் நீண்ட கோலின் நுனியில் ஒரு மரத்தின் பால் உருட்டி வைத்திருக்கும். அந்தப் பால்தான் ரப்பர். யுகத்தானில் இந்த முரசை இன்றும் துன்குல் என்கிறார்கள். மேற்பரப்பில் ஆங்கில எச் எழுத்துபோல் கீறிவிட்டால் இரண்டு மர நாக்குகள் உருவாகும், இரண்டுக்கும் இரண்டு சுருதி. எங்கள் பள்ளி வாத்தியப் பெட்டியில் கிடந்த நாக்கு முரசும் இதே குடும்பம்தான். வெறும் கோலால் தட்டினால் டொக்கென்று காய்ந்த ஓசை. பென்சில் நுனியில் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றித் தட்டினால் ஒலி உருண்டு வருகிறது. லாந்தா சொன்ன அந்தக் கனம் பிள்ளைகளின் விரலில் ஏறும் இடம் இது. சுற்றும் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் அவர்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், நான் குறுக்கிடுவதில்லை.

மரத்தைக் குடைந்து செய்த எக்காளம், மான்கால் எலும்பில் ஊதல், நாணல் குழல், பெரிய சங்கு என்று அவர் பட்டியல் போகிறது. சங்கைப் பற்றித் தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நுனியை அறுத்து உதட்டை அதிரவிட்டு ஊதும் அதே முறைதான். எங்கள் வகுப்பில் அதை முதல் முயற்சியிலேயே ஒலிக்கச் செய்தவள் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். கோயிலில் பார்த்திருக்கிறேன் மிஸ் என்றாள்.

ஆமை ஓட்டிடம் வருகிறேன். சதையை எடுத்துவிட்டு முழு ஆமையையும் ஓடுகளோடு வைத்து உள்ளங்கையால் தட்டுவார்கள், ஒலி துயரமாக இருக்கும் என்று லாந்தா எழுதுகிறார். பொனம்பாக் சுவரிலோ மான்கொம்பு. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியபோது ஒரு பையன் எழுந்து கேட்டான்: "மிஸ், அப்ப யார் பொய் சொல்றது?"

நல்ல கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. உண்மையான ஆமை ஓடு எங்களிடம் கிடையாது, இருக்கவும் வேண்டாம். மரக் கிண்ணத்தைக் கவிழ்த்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முதலில் உள்ளங்கையால் தட்டச் சொன்னேன். தம் என்று அடங்கிய ஒலி. பக்கத்து மேசைக்கு மேல் போகவில்லை. பிறகு கொம்பைக் கொடுத்தேன். டக், டக், டக். ஜன்னல் வரை போய்த் திரும்பியது. விளையாட்டுத் திடலுக்கும் கொண்டுபோய்ப் பார்த்தோம். முரசும் எக்காளமும் முழங்கும் ஊர்வலத்தில் கையால் தட்டினால் யாருக்குக் கேட்கும் என்று பிள்ளைகளே கேட்டார்கள். வீட்டுக்குள்ளே, ராத்திரியில், சின்னக் கூட்டத்துக்கு என்றால் கை போதும் என்றாள் ஒருத்தி. அந்த ஓவியத்துக்கும் லாந்தாவின் எழுத்துக்கும் இடையே 775 ஆண்டுகள் என்று இன்னொருவன் கரும்பலகையில் கழித்துக் காட்டினான். அத்தனை காலத்தில் பழக்கம் மாறாதா என்றான். அவரவர் பார்த்ததை அவரவர் எழுதியிருக்கலாம், இருவருமே மெய் சொல்லியிருக்கலாம் என்ற முடிவுக்கு அவர்களாகவே வந்தார்கள். சான்றை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பதுதான் வரலாற்றாசிரியரின் தொழில். அந்தப் பத்து நிமிடம் அவர்கள் அந்தத் தொழிலைச் செய்தார்கள்.

ஆமை ஏன் என்ற கேள்வியும் வரும். மாயாக் கலத்து ஓவியங்களில் ஆமை ஓடு பூமி. அந்த ஓடு பிளந்து உள்ளிருந்து சோளத் தெய்வம் எழுந்து வரும். சில படங்களில் இடிக்கும் மழைக்கும் உரிய சாக் தெய்வம் பக்கத்தில் நின்று பிளக்கிறது. இதைச் சொல்லிவிட்டு மறுபடி கொம்பால் தட்டச் சொன்னால் பிள்ளைகள் தட்டும் விதமே மாறிப்போகும். டக் டக் என்று வேகமாக அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தி, ஓங்கி, ஒரே ஓர் அடி வைப்பார்கள்.

மூன்றாவது தடயம் களிமண். மெக்சிகோவின் காம்பெச்சே கடற்கரையை ஒட்டி ஹைனா என்ற சிறு தீவு. அங்கே உள்ள பழைய கல்லறைகளிலிருந்து கையடக்கமான சுடுமண் உருவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. நெசவு செய்யும் பெண், கவசமணிந்த வீரன், பூவுக்குள்ளிருந்து எழும் மனிதன். சிலவற்றில் நீலச் சாயம் இன்னும் ஒட்டியிருக்கிறது. பலவற்றைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் ஊதும் துளை இருக்கும். சிலவற்றைக் குலுக்கினால் உள்ளே மணிகள் உருளும். செத்தவரோடு புதைத்த பொம்மை, ஊதினால் குரல் கொடுக்கும்.

ஊதல் செய்வதுதான் அன்றைய காலையில் கடினமான வேலை. எலுமிச்சம்பழ அளவு களிமண் இரண்டு. கட்டைவிரலால் குழித்து இரண்டு சின்னக் கிண்ணங்கள். விளிம்புகளைக் கீறி, களிமண் குழம்பு தடவி, ஒன்றாக ஒட்டினால் உள்ளே வெற்றிடம் உள்ள உருண்டை. ஐஸ் குச்சியைச் செருகி ஒரு காற்றுவழி. அது முடியும் இடத்தில் ஒரு சிறு சதுர ஜன்னல். ஜன்னலின் எதிர்விளிம்பைக் கத்தி போல் சீவ வேண்டும். குச்சி வழியே வரும் காற்று அந்த விளிம்பில் சரிபாதியாகக் கிழிபட்டால்தான் ஒலி. ஒரு நூலளவு ஏறினாலும் இறங்கினாலும் வெறும் காற்றுதான் வரும். முப்பது பேரில் முதல் தடவை ஒலிப்பது நாலைந்துதான். மற்றவர்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு சீவி, ஊதி, மறுபடி சீவி, பக்கத்திலிருப்பவனுடையதைக் கெஞ்சி வாங்கிப் பார்த்து, திரும்பச் செய்வார்கள். ஒலித்த பின்பு விரல்துளை போடலாம். புல்லாங்குழலில் துளை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். இந்த உருண்டை ஊதலில் இடம் பெரிய விஷயமில்லை, மொத்தம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் சுருதியைத் தீர்மானிக்கும். இதை நான் சொல்லும் முன்பே யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கத்தும். ஹைனாவின் கைவினைஞர் இத்தனையையும் செய்துவிட்டு, மேலே ஒரு நெசவுப் பெண்ணின் கண்ணிமையையும் செதுக்கினார் என்று அப்போது காட்டுவேன். தன் உருண்டையை மேசையில் வைத்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் உண்டு.

கையில் கொடுத்துக் கற்பிக்கும் இந்த வழி பள்ளிக்குள் வந்ததற்கும் முன்னோர் இருக்கிறார்கள். யார்க் பல்கலைக்கழகத்தின் ஜான் பெய்ன்டர், பீட்டர் ஆஸ்டனுடன் சேர்ந்து 1970-ல் ஒரு நூல் வெளியிட்டார். இசை வகுப்பு என்றால் பெரியோர் செய்த பாட்டைப் பிள்ளை பாடுவது என்றிருந்த காலத்தில், பிள்ளை தானே ஒலிகளைத் தேடி அடுக்கி இசை செய்யட்டும் என்று அந்த நூல் சொன்னது. 1980-ல் இயன் மர்செல், கிராசியேலா சான்செஸ் இருவரும் லண்டனில் மெக்சிகோலோர் என்ற சிறு அமைப்பைத் தொடங்கினார்கள். ஆஸ்டெக், மாயா பண்பாட்டை உடைகள், பொருட்கள், வாத்தியங்களோடு நேரே வகுப்பறைக்குக் கொண்டுபோவது அவர்கள் வேலை. இந்த இரண்டு ஓடைகளும் கலந்த நீரைத்தான் என் போன்றவர்கள் பல பள்ளிகளில் அள்ளிக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு இருந்தும் ஒன்று இல்லை. மெட்டு இல்லை. மாயாக்கள் எழுத்து வைத்திருந்தார்கள், கோள்களின் கணக்கு எழுதினார்கள், அரசர் பிறந்த நாளைக் கல்லில் வெட்டினார்கள். இசைக்குறிப்பு எழுதியதாக எந்தக் கல்லும் ஏடும் கிடைக்கவில்லை. அவர்களுடைய ஆண்டில் 20 நாள் கொண்ட மாதங்கள் 18, மேற்கொண்டு 5 நாள். அதில் ஒரு மாதத்தின் பெயர் பாஷ். அதன் எழுத்தில் முரசு தெரியும். யுகத்தானில் இன்றும் இசைக்கு அதுதான் சொல். முரசின் எழுத்து கிடைத்தது, முரசு வாசித்த பாட்டு கிடைக்கவில்லை.

எனக்கு இதுவே இந்தப் பாடத்தின் உயிர் என்று படுகிறது. மெட்டு கிடைத்திருந்தால் நாங்கள் அதைப் பிள்ளைகளுக்கு உருப்போடக் கொடுத்திருப்போம். கிடைக்காததால் அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இது தெரிந்தது, இது நாம் செய்தது என்று பலகையில் நடுக்கோடு போட்டு இரண்டு பக்கமாக எழுதுவோம். ஒலி இடப்பக்கம், மெட்டு வலப்பக்கம். வலப்பக்கத்தில் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவர்களுக்குப் பழகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். மாயாக்கள் மறைந்துபோனார்கள் என்று பிள்ளைகள் எழுதினால் அந்த வரியை அடித்துவிடச் சொல்வேன். தெற்கே இருந்த பெரிய நகரங்கள்தான் 9-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகக் காலியாயின. மக்கள் போகவில்லை. மெக்சிகோ, கௌதமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் என்று லட்சக்கணக்கில் இன்றும் இருக்கிறார்கள், முப்பதளவில் மாயா மொழிகள் பேசுகிறார்கள். கௌதமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் மாயாக்கள். அந்தப் போரில் பெரும் படுகொலைகளைக் கண்ட ரபினால் வட்டாரத்தில், ஜனவரி 25 வந்தால் ரபினால் ஆச்சி என்ற ஆட்டக்கூத்து இப்போதும் நடக்கிறது. ஸ்பானியர் வருமுன்பே வேர்விட்ட கூத்து. மர முரசும் எக்காளமும் முழங்க, சிறைப்பட்ட வீரன் ஒருவனின் விசாரணையை ஆடுவார்கள். யுனெஸ்கோ 2005-ல் அதை மானுடத்தின் அரும்பொருளாக அறிவித்தது. அந்தக் கூத்தின் காணொளியைக் காட்டும்போது முரசடிப்பவரைப் பார்த்து, "மிஸ், அது நம்ம முரசு!" என்றான் பென்சிலில் ரப்பர் சுற்றியவன்.

அந்தக் கூத்தை 1850-களில் ரபினாலில் பங்குத்தந்தையாக இருந்தபோது எழுதி எடுத்தவர் பிரஸ்ஸர் த பூர்பூர் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1862-ல் அச்சிட்டார். லாந்தாவின் நூலுடைய கைப்பிரதியை மாட்ரிட் நூலகத்தில் கண்டெடுத்தவரும் அவரே. 1861-ல் கிச்சே மாயா மக்களின் பொப்போல் வூ நூலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு அச்சேற்றியவரும் அவர்தான். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமேனஸ் என்ற பாதிரியார் சிச்சிகாஸ்தெனாங்கோவில் படி எடுத்து வைத்திராவிட்டால் அந்த நூலே நமக்கு இல்லை.

பொப்போல் வூவில் வரும் ஒரு கதையோடுதான் எங்கள் காலை முடியும். ஹுனாப்பூ, ஷ்பலாங்கே என்று இரட்டையர். அவர்களுக்கு ஹுன் பாட்ஸ், ஹுன் சோவென் என்று இரண்டு அண்ணன்மார். பாட்டு, குழல், எழுத்து, சிற்பம் எல்லாவற்றிலும் தேர்ந்தவர்கள், ஆனால் தம்பிகள் மேல் பொறாமை. தம்பிகள் வேட்டையாடி வருவதையெல்லாம் தாங்களே தின்றுவிடுவார்கள். தம்பிகள் ஒருநாள் அவர்களை மரமேற்றிவிட, மரம் பருத்து வளர்ந்து, அண்ணன்மார் குரங்காகிக் காட்டுக்குள் போய்விட்டார்கள். பாட்டி அழுகிறாள். குழலும் முரசும் வாசித்துக் கூப்பிட்டால் வருவார்கள், ஆனால் நீங்கள் சிரிக்கக் கூடாது பாட்டி என்கிறார்கள் இரட்டையர்.

அந்த அழைப்புப் பாட்டுக்குப் பெயர் மட்டும் நூலில் இருக்கிறது, ஹுனாப்பூவின் குரங்கு என்று. மெட்டை ஐந்தாம் வகுப்பு செய்தது. ஊதல்கள் முதலில், பிறகு கிலுகிலுப்பை அலை, அடியில் துன்குல், எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை ஆமை ஓடு. சங்கு ஊதிய பெண்தான் பாட்டி, நாற்காலியில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பையன்கள் கதவுக்கு வெளியே காத்திருந்தார்கள். வாத்தியம் முழங்கியதும் குரங்குபோல் துள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பாட்டி சிரித்துவிட்டாள். ஓடிப்போனார்கள். இரண்டாம் முறை உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. மூன்றாம் முறை முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டும் தோள் குலுங்கியது.

நாலாம் முறை வாசித்தோம். பிள்ளைகள் கதவைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். ஊதல்கள் ஒவ்வொன்றாக நின்றன, கிலுகிலுப்பை நின்றது, கொம்பு ஒருமுறை கிண்ணத்தில் விழுந்தது. நூலில் உள்ளபடியே கதவு திறக்கவில்லை. பாட்டி முக்காட்டை விலக்கிவிட்டு, "இன்னொரு தடவை வாசிங்க," என்றாள்.